ஐரோப்பாவில் இலையுதிர்கால மோட்டார் சைக்கிள் நெடும்பயணம் – திட்டமிடல்

செப்டம்பர் தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரையிலான சில வாரங்களில், ஐரோப்பாவின் பல நாடுகளை மோட்டார் சைக்கிளில் கடந்து செல்லும் பயணத்தை இலையுதிர்கால நெடும்பயணம் எனலாம். கோடைப் பயணத்திற்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. கோடையில் எந்த ஊரை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்பது பயணியின் விருப்பம். இலையுதிர் காலத்தில் அந்த வரிசையைத் தீர்மானிப்பவை மலையின் உயரமும் நாட்காட்டியும். வரிசை தவறினால் பாதை மூடப்பட்டிருக்கும்; அல்லது, அதைவிட மோசமாக, பாதை திறந்திருக்கும், தார்ச்சாலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத உறைபனி படிந்திருக்கும்.

இந்தக் கட்டுரை ஜெர்மனியின் மியூனிக் நகரில் தொடங்கி, ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்து, ஏட்ரியாட்டிக் கடலோரமாகக் கிரேக்கத்தின் பெலொப்பொனீஸ் வரை செல்லும் ஒரு வழித்தடத்தை எடுத்துக்கொண்டு, அதை எப்படித் திட்டமிடுவது என்று விளக்குகிறது.

ஏன் இலையுதிர் காலம்?

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை. மலைச்சாலைகளில் கார்களும், வீட்டு வண்டிகளும், சுற்றுலாப் பேருந்துகளும் வரிசை கட்டி நிற்கும். செப்டம்பர் நடுவில் இந்தக் கூட்டம் கலைந்துவிடும். அறை வாடகை குறையும். தெற்கில் கோடை வெயில் தணிந்திருக்கும்; முழுப் பாதுகாப்பு உடையுடன் வண்டி ஓட்டுபவருக்கு 35 பாகை வெயிலைவிட 18 பாகை மேலானது. மலைச்சரிவுகளில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகும். ஊசியிலை மரங்களில் இலையுதிர்க்கும் மிகச் சிலவற்றுள் லார்ச் ஒன்று என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நன்மைகளுக்கும் கொடுக்க வேண்டிய விலை, குறுகிக்கொண்டே வரும் பகலும் கீழே இறங்கிக்கொண்டே வரும் பனியும்.

உயரமும் நாட்காட்டியும்

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் தார் போடப்பட்ட கணவாய்ச் சாலைகளுள் மிக உயரமானது பிரான்சிலுள்ள இசெரான். அடுத்தது இத்தாலியின் ஸ்டெல்வியோ, 2,757 மீட்டர். ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில், கார்லோ டோனெகானி என்ற பொறியாளரின் திட்டப்படி 1820 முதல் 1825 வரை கட்டப்பட்ட சாலை அது. வடகிழக்கே பிராட் என்ற ஊரிலிருந்து ஏறும் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண் இடப்பட்டிருப்பதால் ஏறும்போது எத்தனை மீதம் என்று எண்ணிக்கொண்டே போகலாம். இறங்கும்போது எண்ணுவதற்கு யாருக்கும் மனம் இருப்பதில்லை.

ஸ்டெல்வியோ ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சாலை அல்ல. வழக்கமாக மே இறுதியிலோ ஜூனிலோ திறந்து, அக்டோபர் இறுதி அல்லது நவம்பர் தொடக்கத்தில் மூடப்படும். ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் உயர்மலைச் சாலையும் அப்படித்தான். ஃபிரான்ஸ் வல்லாக் என்ற பொறியாளர் வடிவமைத்து 1935 ஆகஸ்ட் 3 அன்று திறக்கப்பட்ட இந்த 48 கிலோமீட்டர் சாலை, மே தொடக்கம் முதல் நவம்பர் தொடக்கம் வரை மட்டுமே இயங்கும். இரவில் மூடப்படும், நுழைவுக் கட்டணம் உண்டு. இதன் வழியில் ஹோக்டோர் என்ற இடம் 2,504 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஃபுர்க்கா (2,429 மீட்டர்), கோட்டார்ட் (2,106 மீட்டர்) ஆகிய கணவாய்களும் குளிர்காலத்தில் மூடப்படுபவை.

அக்டோபர் இறுதிவரை திறந்திருக்கும் என்றால் அக்டோபர் 20-இல் போனால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அறிவிப்பில் உள்ள தேதி, பருவம் முடிந்து சாலையைப் பூட்டும் தேதி. நடுவில் ஒரு பனிப்பொழிவு வந்து இரண்டு மூன்று நாள்கள் மூடுவது அந்தக் கணக்கில் வராது. 2024 செப்டம்பர் நடுவில் 'போரிஸ்' என்று பெயரிடப்பட்ட புயல், செக் நாட்டிலும் போலந்திலும் கிழக்கு ஆஸ்திரியாவிலும் பெருவெள்ளத்தை உண்டாக்கியது. அதே நாள்களில் ஆஸ்திரிய ஆல்ப்ஸில் கடும் பனி கொட்டியது. பெயரளவில் அது இன்னும் கோடைக்காலம்.

இதன் காரணம் எளிய இயற்பியல். உயரே செல்லச் செல்ல, சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6.5 பாகை செல்சியஸ் வெப்பநிலை குறைகிறது. பிராட் ஊர் ஏறத்தாழ 915 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து ஸ்டெல்வியோ உச்சி 1,840 மீட்டர் மேலே. பெருக்கிப் பார்த்தால் 12 பாகை வேறுபாடு வருகிறது. ஊரில் 14 பாகை என்றால் உச்சியில் 2 பாகை. ஊரில் 10 என்றால் உச்சியில் உறைநிலைக்குக் கீழே. ஏறத்தாழ 25 கிலோமீட்டரில், ஒரு மணி நேரத்துக்குள், வண்டி ஒரு பருவத்திலிருந்து இன்னொரு பருவத்துக்குள் போய்விடுகிறது. காலையில் விடுதிச் சன்னலைத் திறந்து வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது இங்கே உதவாது. உச்சியின் வானிலையைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே திட்டத்தின் முதல் விதி: உயரமானவற்றை முதலில் முடிக்க வேண்டும். செப்டம்பர் இறுதிக்குள் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்கள் அனைத்தும் பின்னால் போயிருக்க வேண்டும். இரண்டாவது விதி: ஒவ்வொரு கணவாய்க்கும் ஒரு மாற்றுவழி கையில் இருக்க வேண்டும். பிரென்னர் கணவாய் சுமார் 1,370 மீட்டர் உயரமே உள்ளது. நெடுஞ்சாலை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். கோட்டார்ட் மூடினால், அதன் அடியில் 1980-இல் திறக்கப்பட்ட 16.9 கிலோமீட்டர் சுரங்கச் சாலை இருக்கிறது. ஃபுர்க்கா மூடினால், ரியால்ப் – ஓபர்வால்ட் இடையே வண்டிகளை ஏற்றிச் செல்லும் ரயில் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும். மூன்றாவது, ஆல்ப்ஸ் பகுதிக்கு மட்டும் இரண்டு அல்லது மூன்று உபரி நாள்கள் வைத்திருப்பது. பனி பெய்த மறுநாள் ஓய்வெடுக்க நாள் கையில் இருப்பவர் காத்திருப்பார், இல்லாதவர் ஏறிப்பார்ப்பார். விபத்து இரண்டாமவருக்கே நேர்கிறது.

வழித்தடம்

செப்டம்பர் 10 அல்லது 12 வாக்கில் மியூனிக்கிலிருந்து கிளம்பித் தெற்கே ஃபெர்ன் கணவாய், லாண்டெக் வழியாக ரெஷென் கணவாயை (சுமார் 1,500 மீட்டர்) அடையலாம். அங்குள்ள ஏரியின் நடுவே ஒரு தேவாலயத்தின் மணிக்கூண்டு மட்டும் நீருக்கு மேல் நின்றுகொண்டிருக்கும். 1950-இல் நீர்த்தேக்கம் நிரம்பியபோது மூழ்கிய ஊரின் மிச்சம் அது. அங்கிருந்து பிராட், ஸ்டெல்வியோ. பிறகு கிழக்கே திரும்பி, மெரானோ, போல்சானோ வழியாக டோலமைட் மலைகள். போர்டோய் கணவாய் 2,239 மீட்டர். தொடர்ந்து கோர்ட்டினா, லீன்ஸ், ஹைலிகன்பிளூட். அங்கிருந்து குரோஸ்குளோக்னர் சாலையில் ஏறி இறங்குவதோடு உயரமான பகுதி முடிகிறது. இதற்குப் பத்து நாள்கள் ஒதுக்கினால் உபரி நாள்களும் அதில் அடங்கும்.

அடுத்து ஸ்லோவேனியா. அங்குள்ள விர்ஷிச் கணவாய் 1,611 மீட்டர்தான். ஆனால் 50 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. முதல் உலகப் போரின்போது ரஷ்யப் போர்க்கைதிகளைக் கொண்டு அமைக்கப்பட்ட சாலை. வடபக்கத்து வளைவுகள் சிலவற்றில் தாருக்குப் பதில் கற்கள் பதிக்கப்பட்டிருக்கும். மழையில் அவை வழுக்கும். அந்தப் பக்கம் சோச்சா ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கி, டிரியெஸ்ட் வழியாகக் குரோவேசியக் கடற்கரையைச் சேரலாம்.

குரோவேசியாவில் கடலோரமாகவே தெற்கே செல்லும் பழைய நெடுஞ்சாலை, மோட்டார் சைக்கிள்காரர்கள் விரும்பும் சாலை. துப்ரோவ்னிக்கை அடைவதற்கு முன் போஸ்னியாவுக்குச் சொந்தமான சிறு கடற்கரைத் துண்டு ஒன்று குறுக்கிடும். 2022 ஜூலையில் திறக்கப்பட்ட பெல்யெஷாட்ஸ் பாலம் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி செய்தது. விசா விதிகளின்படி இந்தப் பாலம் முக்கியமானது. காரணம் பின்னால் வருகிறது. துப்ரோவ்னிக்குக்குப் பிறகு மாண்டினீக்ரோவின் கோட்டோர் விரிகுடா, அல்பேனியாவின் லோகாரா கணவாய், கிரேக்கத்தின் மெட்டியோரா பாறைகள், கடைசியாகப் பெலொப்பொனீஸ். மொத்தம் 3,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும்.

மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஆறு வாரமா என்று தோன்றலாம். மலைச்சாலையில் ஒரு நாளைக்கு 200 முதல் 250 கிலோமீட்டர் ஓட்டுவதே முழுநாள் வேலை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மழைக்காக நிற்க வேண்டியிருக்கும். ஒரு நாள் துணி துவைக்க, செயினுக்கு எண்ணெய் போட, உடம்பு தேற. மீதமுள்ள நாள்களே பயண நாள்கள்.

குறையும் பகல்

செப்டம்பர் 1 அன்று மியூனிக்கில் பகல் நேரம் 13 மணிக்குச் சற்று அதிகம். அக்டோபர் 31 அன்று அது ஏறத்தாழ 10 மணி நேரமாகச் சுருங்கிவிடும். அதே நாளில் வடக்கே ஆஸ்லோவில் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு; தெற்கே ஏதென்ஸில் பத்தரை மணிக்குச் சற்று அதிகம். தெற்கு நோக்கிப் போவதால் வெப்பம் மட்டுமல்ல, வெளிச்சமும் கிடைக்கிறது. வடக்கு முனையான நார்ட்காப் போன்ற இடங்களைக் கோடைக்கு ஒதுக்குவதற்கு இதுவே முதற்காரணம்.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பிய நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். முதல் நாள் மாலை ஐந்தே முக்காலுக்கு மறைந்த சூரியன் மறுநாள் நாலே முக்காலுக்கு மறையும். அல்பேனியாவில் அந்த வாரம் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். எல்லை தாண்டிக் கிரேக்கத்துக்குள் வந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே இருக்கும். பலர் இதை மறந்து, விடுதிக்குப் போய்ச் சேரும் நேரத்தைத் தப்பாகக் கணக்கிடுகிறார்கள். மாலை நான்கு மணிக்கு வண்டியை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி அன்றைய தூரத்தைக் கணக்கிடுவது நல்ல முறை.

இந்த மாலைப்பொழுதில்தான் காட்டு விலங்குகளும் சாலைக்கு வருகின்றன. செப்டம்பர், அக்டோபர் செம்மான்களின் இணைசேரும் பருவம். ஆண் மான் வண்டியைப் பார்த்து நிற்காது. ஒரு விலங்கு குறுக்கே ஓடினால் பின்னால் இன்னொன்று வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். காட்டுப்பன்றிகளும் கூட்டமாகவே கடக்கும்.

தெற்கிலும் ஆபத்து உண்டு

ஆல்ப்ஸைத் தாண்டிவிட்டால் கவலை தீர்ந்தது என்ற எண்ணம் பரவலானது. அது தவறு. கோடை முழுவதும் சூடேறிய மத்தியதரைக் கடல் இலையுதிர் காலத்தில் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. அதன் மேல் குளிர்ந்த காற்று வந்து சேரும்போது, சில மணி நேரத்தில் பல மாதங்களின் மழை ஒரே இடத்தில் கொட்டிவிடும். தென் பிரான்சின் செவென் மலையடிவாரம், இத்தாலியின் லிகூரியா, ஸ்பெயினின் கிழக்குக் கரை ஆகியவை இதற்குப் பெயர் பெற்றவை. 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் இப்படிப் பெய்த மழையின் வெள்ளத்தில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர் வாகனங்களில் சாலையில் இருந்தவர்கள்.

இந்த வழித்தடத்தில் மழைக்கு அஞ்ச வேண்டிய இடம் கோட்டோர் விரிகுடா. கடலிலிருந்து நேராக எழும் மலைகள் ஈரக்காற்றைத் தடுத்து நிறுத்துகின்றன. விரிகுடாவுக்கு மேலே உள்ள கிர்க்வித்சே என்ற மலையூரில் ஆண்டுக்குச் சராசரியாக 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஐரோப்பாவிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. மழையின் பெரும்பங்கு இலையுதிர் காலத்தின் பிற்பகுதியிலும் குளிர்காலத்திலும் விழுகிறது. எனவே அக்டோபர் நடுவுக்குள் கோட்டோரைக் கடந்துவிடுவது நல்லது. கிரேக்கத்திலும் மேற்குக் கரையைவிடக் கிழக்குப் பகுதி உலர்ந்தது. மழை தொடர்ந்தால் பிண்டஸ் மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்கே போய்விடலாம்.

குரோவேசியக் கடற்கரையில் ஆபத்து வேறு. மலையிலிருந்து கடலை நோக்கிப் பாய்ந்து வரும் குளிர்ந்த வறண்ட காற்றுக்கு 'போரா' என்று பெயர். வானம் தெளிவாக இருக்கும்போதே அது வீசும். செஞ் என்ற ஊரைச் சுற்றி அதன் வலிமை மிகுதி. சீராக வீசினால் உடலைச் சாய்த்துச் சமாளிக்கலாம். ஆனால் போரா விட்டு விட்டு அடித்து, வண்டியைப் பக்கத்துத் தடத்துக்கே தள்ளிவிடும். காற்று கடுமையானால் சாலையை முதலில் மோட்டார் சைக்கிள்களுக்கும் உயரமான வண்டிகளுக்கும் மூடுவார்கள். மூடும்வரை காத்திராமல் உள்நாட்டுச் சாலைக்கு மாறுவதோ, ஊரிலேயே தங்கிவிடுவதோ அறிவுடைமை.

குளிரும் கைவிரலும்

வெப்பமானியில் 2 பாகை என்றால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் மூடாத தோல் அதைக் கழித்தல் 6 பாகையாக உணரும். 5 பாகையில் 80 கிலோமீட்டர் வேகம் என்றால் கழித்தல் 3 போல. குளிர் ஒரு சுகக்கேடு மட்டும் என்று நினைப்பது பிழை. விறைத்த விரல் பிரேக் நெம்புகோலைப் பிடிக்கக் கூடுதல் நேரம் எடுக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. உடல் உள்ளுக்குள் குளிர்ந்தால் சிந்தனையும் மந்தமாகும். வளைவை ஒரு கணம் தாமதமாகப் பார்ப்பார்கள்.

ஒரே தடித்த சட்டையைவிடப் பல மெல்லிய அடுக்குகள் நல்லவை. உள்ளே வியர்வையை இழுத்து வெளியேற்றும் துணி, பருத்தி கூடாது. மெரினோ கம்பளி சிறந்தது. நடுவில் வெப்பம் காக்கும் அடுக்கு. மேலே காற்றும் நீரும் புகாத அங்கி. கழுத்தை மூடும் துணிக்குழாய் சிறிய பொருள்தான். அதன் பயன் பெரிது. கையுறை இரண்டு இணை வேண்டும், ஏனெனில் நனைந்த தோல் கையுறை ஓரிரவில் காயாது. தலைக்கவசத்தின் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படியாமல் இருக்க 'பின்லாக்' எனப்படும் உட்தகடு பொருத்திக்கொள்ள வேண்டும். மழையும் மூச்சும் சேர்ந்து கண்ணாடியை மறைத்துவிட்டால் மற்ற ஏற்பாடுகளால் பயனில்லை.

சூடேறும் கைப்பிடி இருந்தால் நல்லது. மின்சாரத்தால் சூடாகும் உள்சட்டை 60 முதல் 100 வாட் வரை எடுக்கும். பெரிய சுற்றுலா வண்டிகளுக்கு அது பொருட்டல்ல. சிறிய வண்டிகளில் விளக்கும் கைப்பிடியும் உள்சட்டையும் சேர்ந்து மின்கலத்தை வறளச் செய்துவிடலாம். முன்கூட்டியே கூட்டிப் பார்க்க வேண்டும்.

வண்டி

வண்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எந்த வண்டி என்பதைப் பயணிகள் மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். டயரைப் பற்றிச் சில நிமிடம்கூடப் பேசமாட்டார்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் பல நாடுகளில் சட்டம் விட்டுவிடும்; ஈரச்சாலை விடாது. பாதி தேய்ந்த டயரோடு கிளம்பாமல் புதிதாக மாற்றிக்கொள்வது நல்லது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிப்புக் குறைவு என்பதால் முதல் சில கிலோமீட்டர் மெதுவாகவே போக வேண்டும். மழையில் ஓடிய செயினுக்கு அன்றன்றே எண்ணெய் தேவை. மின்கலம் பழையதானால் குளிர்ந்த காலையில் அது தெரிந்துவிடும்.

சாலையில் எதிர்ப்படுபவை

மரங்களடர்ந்த சாலையில் உதிர்ந்து நனைந்த இலைகள் சவர்க்காரம் போல வழுக்கும். அறுவடைக் காலம் என்பதால் டிராக்டர் சக்கரங்கள் வயல் சேற்றைத் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. திராட்சைத் தோட்டப் பகுதிகளில் வளைவுக்கு அப்பால் மெதுவாக ஊரும் வண்டி நிற்கலாம். பாலங்களின் மேல் கீழிருந்தும் காற்று வீசுவதால் மற்ற இடங்களுக்கு முன்பே உறைபனி படியும். மலையின் நிழற்பக்கத்துச் சாலையில் அது நண்பகல்வரைகூட நீடிக்கும். உச்சிக் கணவாய்களைக் காலை பத்து மணிக்குப் பிறகு, வெயில் ஏறியபின் கடப்பது இதனால்தான்.

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை ஆஸ்திரியா, பவேரியா மலைப்பகுதிகளில் கோடை முழுவதும் மேல்மேய்ச்சலில் இருந்த மாடுகளைப் பள்ளத்தாக்குக்கு ஓட்டி வருவார்கள். நெற்றியில் பூவும் கழுத்தில் பெரிய மணியுமாக மந்தை சாலையை நிறைத்து வரும். ஊரே கூடி நிற்கும். வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்பதே முறை. அவசரத்தில் உள்ளவர்களுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். பயணத்தின் மிக நல்ல ஒரு மணி நேரமாகவும் அது அமையலாம்.

ஆவணங்கள்

இந்தியா, இலங்கை போன்ற நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு ஷெங்கன் விசா தேவை. ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள் உள்ளன. குரோவேசியா 2023-இல் சேர்ந்தது. பல்கேரியா, ருமேனியா ஆகியவற்றின் தரைவழி எல்லைகளும் 2025 ஜனவரி 1 முதல் திறந்துவிட்டன. எந்த 180 நாள் காலப்பகுதியிலும் 90 நாள்களுக்கு மேல் தங்கக்கூடாது. விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். 15 நாளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்கப்போகிறாரோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

இந்த வழித்தடத்தில் பலர் இடறும் இடம் இதுதான். மாண்டினீக்ரோவும் அல்பேனியாவும் ஷெங்கனில் இல்லை. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு வந்தவர் குரோவேசிய எல்லையைத் தாண்டியதும் அந்த விசா முடிந்துவிடும். கிரேக்க எல்லையில் அவரை உள்ளே விடமாட்டார்கள். போஸ்னியாவின் கடற்கரைத் துண்டு வழியாகச் சென்றாலும் இதே கதை. பெல்யெஷாட்ஸ் பாலம் அந்தச் சிக்கலை மட்டும் தீர்க்கிறது. ஆகவே பலமுறை நுழைவு விசா பெற வேண்டும். மாண்டினீக்ரோ, அல்பேனியா ஆகியவற்றின் நுழைவு விதிகளையும் தனித்தனியே நிறைவு செய்ய வேண்டும்.

இந்திய ஓட்டுநர் உரிமத்துடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அது ஓராண்டு செல்லும். உரிமத்தில் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான அனுமதி இருக்க வேண்டும். கார் உரிமம் மட்டும் போதாது. வாடகை வண்டி என்றால், எந்தெந்த நாடுகளுக்கு எடுத்துச் செல்லலாம் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அல்பேனியா அனுமதிக்கப்பட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்நாட்டிலும் வட மாசிடோனியாவிலும் துருக்கியிலும் காப்பீட்டுக்கான 'பச்சை அட்டை' கேட்பார்கள்.

நாட்டுக்கு நாடு கட்டாயப் பொருள்கள் மாறும். ஆஸ்திரியாவில் மோட்டார் சைக்கிளிலும் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும். வழித்தடத்தை மேற்கே நீட்டிப் பிரான்சுக்குப் போவோர், அங்கே 2016 நவம்பர் முதல் தரச்சான்று பெற்ற கையுறை கட்டாயம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் ராய்ட்டே மாவட்டச் சாலைகள் சிலவற்றில், நிற்கும்போது 95 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கு 2020 முதல் பருவகாலத் தடை உண்டு. அது அக்டோபர் இறுதிவரை நீள்கிறது. வண்டியின் பதிவுச் சான்றிதழில் அந்த ஒலி அளவு குறிக்கப்பட்டிருக்கும்.

நெடுஞ்சாலைக் கட்டணத்தில் ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, ஸ்லோவேனியா ஆகியவை காலவரையறை உள்ள வில்லை முறையைப் பின்பற்றுகின்றன. இத்தாலியும் குரோவேசியாவும் சுங்கச்சாவடியில் வாங்கும். ஜெர்மனியில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. எந்த நாட்டிலும் அவசர உதவிக்கு 112.

தங்குமிடம்

செப்டம்பரின் பின்பாதியில் மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட் விழா தொடங்கிவிடும். அறை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை பல மடங்கு. அதற்கு முன்பே கிளம்புவது நல்லது. ஆல்ப்ஸில் கூடார முகாம்கள் பல செப்டம்பர் இறுதியோடு மூடப்படும். மலைவிடுதிகள் கோடைக்கும் பனிச்சறுக்குப் பருவத்துக்கும் இடையே சில வாரம் அடைத்திருக்கும். ஏட்ரியாட்டிக் தீவுகளுக்கான படகுகள் அக்டோபரில் குறையும். பெரிய ஊர்களில் முன்பதிவு இல்லாமலே அறை கிடைக்கும். சிறிய ஊர்களில் ஒரு நாள் முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டியைக் கூரைக்கு அடியில் நிறுத்த இடம் உண்டா, நனைந்த உடையைக் காயவைக்க வெப்ப அறை உண்டா என்ற இரு கேள்விகளும் விலையைவிட முக்கியமானவை.

திரும்பும் வழி

திட்டங்களில் மிகவும் அலட்சியமாக விடப்படுவது இந்தப் பகுதி. கிரேக்கத்தின் கடைசி நாள்களை வரைபடத்தில் அழகாகக் குறித்தவர்கள், நவம்பரில் மியூனிக்குக்கு வண்டி எப்படிப் போகும் என்பதை யோசிப்பதில்லை. ஜெர்மனியில் 1997 முதல் பருவகாலப் பதிவெண் என்ற முறை உண்டு. எண் பலகையின் ஓரத்தில் 03, 10 என்று இருந்தால், அந்த வண்டியை மார்ச் முதல் அக்டோபர் வரை மட்டுமே பொதுச்சாலையில் ஓட்டலாம். நவம்பர் 1 அன்று சாலையோரம் நிறுத்தி வைப்பதுகூடக் குற்றம். நண்பரிடமோ வாடகைக்கோ வண்டி எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு எண்களை.

பெலொப்பொனீஸிலிருந்து வந்த வழியே திரும்புவது கடினம். பட்ராஸ் துறைமுகத்திலிருந்து இத்தாலியின் அன்கோனாவுக்குக் கப்பல் உண்டு; ஏறத்தாழ ஒரு நாள் பயணம். வண்டியை முதல் கியரில் விட்டு, பக்கத் தாங்கியில் நிறுத்த வேண்டும். கப்பல் ஊழியர்கள் கட்டும் பட்டை இருக்கையைக் கிழிக்காமல் இருக்க ஒரு பழைய துணியை மடித்து வைக்கலாம். இரவுக்குத் தேவையானதைக் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும், கப்பல் கிளம்பியபின் வண்டித் தளம் பூட்டப்படும்.

அன்கோனாவுக்கு வடக்கே போ ஆற்றுச் சமவெளி. அக்டோபர் இறுதியிலிருந்து அங்கே அடர்ந்த மூடுபனி காலையில் நெடுநேரம் நிற்கும். பிறகு பிரென்னர். நெடுஞ்சாலை திறந்திருக்கும், ஆனால் குளிரும் மழையும் சில நேரம் பனியும் இருக்கும். இத்தாலியில் நவம்பர் 15 முதல் பல சாலைகளில் குளிர்கால டயர் விதிகள் நடைமுறைக்கு வரும். சாலையில் பனி இருக்கும்போது இருசக்கர வண்டிகள் அங்கே செல்ல அனுமதி இல்லை. ஆகவே அக்டோபர் 25 வாக்கில் பட்ராஸில் கப்பல் ஏறி, வெரோனாவில் தங்கி வானிலை பார்த்து, தெளிந்த ஒரு நாளின் நண்பகலில் பிரென்னரைக் கடப்பது என்று வைத்துக்கொண்டால், பதிவெண் காலாவதியாகும் முன் மியூனிக் சேர மூன்று நான்கு நாள் கையிருப்பு இருக்கும். தொடர்ந்து மோசமான வானிலை என்றால் வண்டியை வெரோனாவில் ஒரு சரக்கு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு ரயிலில் திரும்பலாம். அந்தச் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் எழுதி வைத்திருப்பவர்கள், வெரோனாவில் தயங்காமல் சாவியைக் கொடுக்கிறார்கள்.